பிலோமினாவுக்காக

பெரியவரின் கையில் நரம்பு சிக்கவில்லை.

அவள் மணிக்கட்டை மெல்லத் தட்டினாள். திருப்பிப் பிடித்து மறுபடியும் தட்டினாள்.

ஜன்னலுக்குக் கீழே, நர்ஸ்களின் போராட்டப் பந்தலிலிருந்து குரல் எழுந்தது.

நீதி வேண்டும், நீதி வேண்டும். பிலோமினாவுக்கு நீதி வேண்டும்.

ஊசி பிடித்த கை ஒரு கணம் நின்றது.

அவள் பெயர்தான். காலையிலிருந்து கேட்கிறாள். அத்தனை பேர் சேர்ந்து சொல்லும்போது அது யாரோ ஒருத்தியின் பெயர் போல இருந்தது. செத்துப்போன ஒருத்தியின் பெயர் போல.

நரம்பு கிடைத்தது. ஊசியை ஏற்றிப் பிளாஸ்திரி ஒட்டினாள். சொட்டு விழ ஆரம்பித்தது.

கால்மாட்டில் பெரியவரின் மகன் நின்றிருந்தான். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மூன்று நாளைக்கு முன்னால் அவளைக் கன்னத்தில் அறைந்தவன் அவன்தான்.

அன்றைக்கும் வார்டில் அவள் ஒருத்திதான். மறுகோடியில் ஒருவருக்கு வலிப்பு வந்து, அவரை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். இங்கே பெரியவரின் பாட்டில் தீர்ந்து குழாயில் ரத்தம் ஏறிவிட்டது. அவன் கூப்பிட்டான். கத்தினான். அவள் ஓடி வந்ததும் கை நீட்டிவிட்டான். பெரியவர் காய்ச்சல் மயக்கத்தில் கிடந்தார். அவருக்கு எதுவும் தெரியாது.

இன்று காலை, சூப்பிரண்டு மேடத்தின் அறையில், அவன் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டான். அப்பாவைத் தவிர தனக்கு யாரும் இல்லை என்றான்.

அவள் சரி என்றாள். வேறு என்ன சொல்வது?

மேடத்துக்கு நிம்மதி. கீழே வந்து எல்லார் முன்னாலும் இதையே சொல்லிவிடு, எழுந்து போய்விடுவார்கள் என்றார்.

அவள் சரி என்றதற்கு இந்திராணி அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. நர்ஸ்கள் சங்கத்தின் செயலாளர் அவர். டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் பந்தலில் உட்கார்ந்திருந்தார். அவள் தோளில் கறுப்புப் பட்டையைக் குத்திவிட்டபடியே சொன்னார்.

"அவன் மன்னிப்புக் கேட்டது உங்கிட்ட, பிலோ. நாங்க கேக்குறது அவங்கிட்ட இல்ல."

ஒரு நர்ஸைத் தனியாக ஒரு வார்டில் விடக்கூடாது. சங்கம் கேட்பது அதைத்தான். அவளுக்கும் தெரியும். சங்கக் கூட்டம் எதற்கும் அவள் போனதில்லை. கூட்டம் முடியும் நேரத்தில் அவள் ஊருக்குப் பேருந்து கிடைக்காது. அப்படிப்பட்டவளுக்காக இத்தனை பேர் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவளுக்காகவா? மன்னித்துவிட்டவளின் பெயரை இன்னும் எதற்குச் சொல்கிறார்கள்? ஒருவேளை மன்னித்திருக்கக் கூடாதோ?

மன்னித்தேனா?

கோபம் மிச்சமிருக்கிறதா என்று உள்ளே தேடினாள். கன்னத்தின் எரிச்சல்தான் தட்டுப்பட்டது.

பெரியவர் கண் திறந்தார். இன்றைக்குத்தான் அந்தக் கண்ணில் தெளிவு.

"யாரு தாயி அந்தப் பிலோமினா? விடிஞ்சதுல இருந்து கூப்பிடுறாங்க."

"எங்க நர்ஸ் ஒருத்தங்க, ஐயா."

"அவங்களுக்கு என்ன?"

"அடிச்சுட்டாங்க."

"பொம்பளப் புள்ளயவா? எந்தப் பய?"

சொல்லிவிடலாம். தெரியாது என்றும் சொல்லலாம். எது சரி என்று அவளுக்குத் தெரியவில்லை. சரியாக விழுந்துகொண்டிருந்த சொட்டைத் திருகிக் குறைத்தாள். மறுபடி கூட்டினாள்.

"நான்தாம்ப்பா" என்றான் மகன். "இவங்களத்தான்."

பெரியவர் அவளைப் பார்த்தார். ஊசி ஏறியிருந்த தன் கையைப் பார்த்தார். அதை இழுத்துக்கொள்வதா, அவள் பக்கமே விட்டுவைப்பதா என்று அவருக்கும் விளங்கவில்லை போலிருந்தது.

பிறகு தலையை மட்டும் திருப்பினார். பேசியது மகனிடம்.

"கீழ போ. போயி அவங்களோட உக்காரு."

அவன் போய்விட்டான்.

தடுத்திருக்க வேண்டுமோ? அவள் ஜன்னலுக்கு ஓடினாள்.

பந்தல் ஓரத்தில் நின்றான். அத்தனை வெள்ளை உடுப்புகளுக்கு நடுவே எங்கே உட்காருவதென்று தெரியாமல் நின்றான். யாரோ அடையாளம் கண்டுகொண்டு எழுந்தார்கள். கோஷம் பாதியில் அறுந்தது. இந்திராணி அக்கா கையமர்த்தினார். எல்லோரையும் உட்காரச் சொன்னார். அவனையும்.

அவன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

அவளுக்கு அழுகை வந்தது. யாருக்காக என்று பிடிபடவில்லை.

ஆயா வந்து வார்டு வாசலில் நின்றாள். சூப்பிரண்டு மேடம் உடனே வரச் சொன்னாராம். அடித்தவனே வந்து உட்கார்ந்துவிட்டான், இப்போது பிலோமினா வந்து இரண்டு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும் என்றாராம்.

முடிந்துவிட்டால் நல்லதுதான். முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

பின்னாலிருந்து யாரோ சிஸ்டர் என்றார்கள். பாட்டில் தீரப்போகிறதாம். சுவரோரக் கட்டிலில் ஒருவர் எழுந்து உட்கார்ந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி இரண்டு கைகளையும் ஏந்தியபடி இவளைப் பார்த்தாள்.

நின்றாள்.

"எனக்குப் பதிலா யாரையாச்சும் அனுப்புனாங்களா, ஆயாம்மா?"

"அனுப்ப யாரு இருக்கா, சிஸ்டர்?"

அவள் வாந்தியெடுத்தவரின் கட்டிலுக்குத் திரும்பினாள்.

"அதையே கீழ போயிச் சொல்லுங்க" என்றாள். "மேடம்கிட்ட மட்டும் இல்ல. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

ஆயாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் படியிறங்கினாள்.