மை காயாத விரல்

கார்காலத்தின் கனத்த அமைதியில் வானம் நீறு பூத்திருக்க, கொன்றைகள் பொன் சொரிந்துகொண்டிருந்தன. பதிவு அலுவலகத்தில் அமர்ந்திருந்த மங்கையர்க்கரசியின் நெஞ்சோ துள்ளியது. அவள் வீட்டை விற்கும் அதிகாரத்தைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டு வந்திருந்த மகன் திருமாறன் அவசரப்படுத்தினான்: “சீக்கிரம் ரேகை வைம்மா.”

பதிவாளர் அவனை வெளியே அனுப்பினார். “மனசாரத்தான் குடுக்கறீங்களாம்மா?”

“இல்லைங்க சார்!” முந்தானையில் மறைத்திருந்த வேறொரு பத்திரத்தை நீட்டினாள். “இதப் பதியுங்க. என் வைத்தியம், பென்ஷன் எல்லாம் அவன் பொண்டாட்டி பாத்துப்பா. வீட்ட விக்க மட்டும் ஒருத்தருக்கும் பவர் கிடையாது.”

பதிவாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் ரேகையைப் பதித்து முத்திரையிட்டார்.

செய்தியறிந்த மகன் உள்ளே ஓடிவந்தான். அவள் கண்மூடி ஐந்தெழுத்தை ஓதி, மை காயாத கட்டைவிரலால் சுருக்குப்பையிலிருந்த திருநீற்றைத் தொட்டு அவன் நெற்றியில் இட்டாள்.

“நூறு வயசு நல்லா இருடாப்பா.”