தினமும் ஒரு மணி நேரம்

கழுத்தில் துண்டு, காலில் ஓட்டச் சப்பாத்து, முகமெல்லாம் வேர்வை. கிளினிக்கில் கில்பர்ட்டைப் பார்த்தவர்கள் மனுஷன் ஓடியே வந்திருக்கிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். அட, அவருக்கு வேர்த்தது கையிலிருந்த ஃபாரத்தைப் பார்த்து.

‘தினமும் எவ்வளவு நேரம் நடக்கிறீர்கள்? எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள்?’ பாசிர் கூடாங் ஆலையில் திரையைப் பார்த்தபடி பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியைத் தேய்க்கிறவரிடம் கேட்கிற கேள்வியா இது?

"என்ன யோசன? அதான் தெனமும் லேக்குக்கு நடக்கப் போறீங்கள்ல, எழுதுங்க!" என்றாள் மனைவி கத்தரின்.

தன் ஃபாரத்தில் அவள், தினமும் ஒரு மணி நேரம் ஜூம்பா என்று பட்டென்று எழுதினாள். மூன்று மாதம் ஆடியும் அவள் சப்பாத்து வாங்கிய அன்று இருந்த வெள்ளை மாறாமல் இருந்தது. எதையும் சுத்தமாக வைத்துக்கொள்கிறவள்.

உண்மையை எழுதினால் வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. கில்பர்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நடை ஒரு மணி நேரம், உட்காருவது இரண்டு மணி நேரம் என்று எழுதினார். படித்துப் பார்த்தபோது அவருக்கே தன்மேல் மரியாதை வந்தது.

டாக்டர் லோஷினி முதலில் அவருடையதைத்தான் எடுத்தார்.

"இவ்ளோ நடந்தும் சீனி இறங்கவே இல்லயே அங்கிள். அப்போ மாத்திர பத்தல. நாளைலேருந்து இன்சுலின் ஊசி போட்டுரலாம்."

ஊசியா! ரத்தம் எடுக்கும்போதே கண்ணை மூடி ஜெபம் சொல்கிறவர் அவர். மானமாவது மண்ணாங்கட்டியாவது!

"அலமாக்! வேணாம் டாக்டர், நான் நடக்கவே இல்ல! லேக் பக்கத்துல காரை நிறுத்தி, ஏர்கோன் போட்டுத் தூங்குவேன். வரும்போது துண்ட நனைச்சுக்குவேன், அவ்ளோதான்!"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல வேள சொன்னீங்க. ஊசி இப்ப வேணாம். மொதல்ல நெசமாவே நடங்க."

தொலைந்தோம் என்று கில்பர்ட் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். ஆனால் கத்தரின் அவர் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டர் அடுத்து எடுத்த ஃபாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, தெனமும் ஜூம்பா ஆடியும் உங்க பிரஷர் ஏறித்தான் இருக்கு. உங்களுக்கும் மருந்தக் கூட்டணும் போல..."

"டாக்டர், அந்த ஃபாரத்தக் கொஞ்சம் திருப்பிக் குடுங்க."