ராஜாவின் வாள்

பேசாத படங்களின் காலம். ஒரு கூடாரக் கொட்டகையில் முழு விலை டிக்கெட்காரர்கள் மெல்லிய துணித் திரைக்கு முன்னாலும் பாதி விலை டிக்கெட்காரர்கள் பின்னாலும் உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்த்தார்கள். முன்பக்கக் கம்பத்தில் ஒரு பல்லி. பின்பக்கத்தில் அதன் மச்சான் பல்லி.

"ராஜா வலது கையாலதான் வாள் வீசுறாரு" என்றது முன்பல்லி.

"கண்ணு அவிஞ்சு போச்சா மச்சான்? இடது கை!" என்றது பின்பல்லி.

தோற்றவர், விளக்குப் பூச்சிகள் கொழிக்கும் அந்தக் கொட்டகையை விட்டே போவது என்று பந்தயம். அடுத்த ஆட்டத்தை இரண்டும் இடம் மாறிப் பார்த்தன. முடிந்ததும் முன்பல்லி தலைகுனிந்து வந்தது.

"இடது கைதான் மச்சான். நான் கிளம்புறேன்."

"அட, வலது கைய்யா! போக வேண்டியது நான்தான்."

படம் மாறி, ராஜாவும் ஊர் மாறினார். யார் தோற்றது என்ற சண்டை ஓயாததால் இரண்டும் அங்கேயே கொழுத்தன.