எழுபது வயதுக் கிண்ணம்

கை தவறவில்லை. அக்கா அந்த ஆரஞ்சுக் கிண்ணத்தைத் தம்பி குழந்தையின் முன்னாலிருந்து எடுத்தாள். நேரே போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஓங்கிப் போட்டாள்.

எழுபது வருஷத்துக் கிண்ணம் ஏழெட்டுத் துண்டானது.

தம்பி மனைவி தொட்டிக்கு ஓடிவந்தாள். "அண்ணி... வேணும்னேதானே போட்டீங்க?"

"ஆமா. பிள்ளைக்கு எதுக்கு இந்தப் பழைய மண்ணாங்கட்டி? இந்தா." பையிலிருந்து ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்து வைத்தாள்.

ஒரு கலைஞர் தன் கையால் வனைந்து, அடியில் கட்டைவிரல் பதித்த கிண்ணம் அது. தம்பி மனைவி ஆறு வருஷம் தேடி வாங்கினாள். அலமாரியில் பூட்டி வைத்து அழகு பார்க்கிற ரகமில்லை அவள். புழங்காத பாத்திரம் செத்த பாத்திரம் என்பாள். ஒரு வருஷமாகக் குழந்தைக்குத் தக்காளி சூப் அதில்தான்.

கணவனிடம் பொரிந்து தள்ளினாள். "எல்லாம் பொறாமைங்க. முந்தாநாள் வந்தப்பவே இந்தக் கிண்ணம், என் பழைய ஜாடிங்க எல்லாத்தையும் பஞ்சால துடைச்சு நோட்டம் பார்த்தாங்க. பிளட் குரூப் தெரியணும்னு பிள்ளை விரல்ல வேற குத்தினாங்க, பாவி. லேப்ல வேலை பார்த்தா எதை வேணா பண்ணலாமா? இனிமே அவங்க இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்கா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். தம்பி ஓடிப்போய் மறித்தான்.

"என்னக்கா இது? நீயா இப்படி?"

அவள் ஒரு காகிதத்தை நீட்டினாள். குழந்தையின் ரத்தப் பரிசோதனை முடிவு. ஈயம் என்ற வரிக்கு அடியில் சிவப்புக் கோடு.

"அந்தக் கிண்ணத்துப் பூச்சுல ஈயம் இருக்குடா, லெட். பிள்ளைங்க மூளைக்கே ஆகாது. புளிப்பு பட்டா கரையும். மத்ததையெல்லாம் சோதிச்சுட்டேன், சுத்தம்."

தம்பி காகிதத்தை வாங்கிப் பார்த்தான். "பிள்ளைக்கு...?"

"கொஞ்சம்தான் ஏறியிருக்கு. கிண்ணத்தை நிறுத்தினா இறங்கிடும்னு டாக்டர் சொல்லிட்டார். அடுத்த மாசம் கூட்டிட்டு வா, மறுபடி பார்த்துடலாம்."

"இதை அவகிட்டயே சொல்லியிருக்கலாமேக்கா. உன்னைப் பாவின்னு திட்டுறா."

"திட்டட்டும்டா. என்னைத் திட்டினா நாலு நாள்ல ஆறிடும். பெத்த பிள்ளைக்குத் தன் கையாலயே விஷத்தை ஊட்டினோம்னு தெரிஞ்சா, ஆயுசுக்கும் ஆறாது."