காளைக்கு லீவு

எங்கள் வீட்டுக் காளைக்கு இன்றைக்கும் லீவு. சுற்றுலாக் கம்பெனிக்காரர்கள் மாட்டிவிட்ட கழுத்துப்பட்டையில் சிவப்பு விளக்கு எரிந்தால் மாடு களைத்திருக்கிறது, வண்டியில் பூட்டக் கூடாது. மீறிப் பூட்டினால் எங்கள் ஊருக்கே சுற்றுலாக்காரர்களை அனுப்ப மாட்டார்கள். ஊர்ப் பிழைப்பே அவர்களை நம்பித்தான்.

மாட்டுவண்டிச் சவாரிக்கோ ஒரு பெங்களூர்க் குடும்பம் வாசலில் வந்து நிற்கிறது.

"வேடிக்கை பாத்துட்டு நின்னா ஆச்சுங்களா? நீங்க இழுங்க" என்றாள் என் மனைவி மரகதம்.

ஏரிக்கரை வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்த் திரும்பினேன். காளை மின்விசிறிக்கடியில் படுத்து அசைபோட்டுக்கொண்டே என்னைப் பார்த்தது. அந்தக் குடும்பத்து அம்மாள் இறங்கியதும் போனில் ஐந்து நட்சத்திரம் போட்டார். 'எந்த உயிரையும் வதைக்காத சவாரி' என்று கீழே எழுதினார்.

வந்த ஆத்திரத்தில் காளையின் பட்டையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். உடனே சிவப்பு எரிந்தது. பட்டை பேசவும் செய்தது: "ஒரு வாரம் வேலை வாங்கக் கூடாது. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும். யாரும் அதட்டக் கூடாது."

அந்த அம்மாள் பதறிப்போய் என் முதுகைத் தடவிக் கொடுத்தார். நான் போய்க் காளைக்குப் பக்கத்திலேயே படுத்துவிட்டேன்.

மரகதம் திட்ட வாயைத் திறந்தாள். பட்டை அலறியது. கோழி கூவும் முன்பே எழுந்து விருந்தாளிகளுக்குச் சமைத்து, தொழுவம் கூட்டி, துணி துவைத்தவள், இப்போது வெந்நீரும் வைத்து எனக்கு ஒத்தடம் கொடுத்தாள்.

"கொஞ்சம் கழட்டுங்க, நானும் போட்டுப் பாக்கறேன்" என்றாள்.

போட்டாள். பட்டை விளக்கெல்லாம் போட்டுக்கொண்டிருக்கவில்லை. நேராகக் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டது.