திருத்தப்பட்ட படிவங்கள்

“வத்சலா, இதுதான் கடைசி நீட்டிப்பு. ஜூனுக்குள்ள ஆய்வேடு வரலைன்னா பதிவு ரத்தாயிடும்.”

“வந்துடும் மேடம்.”

போன வாரம் நெறியாளரிடம் அப்படிச் சொல்லிவிட்டு வந்ததிலிருந்து வத்சலாவுக்கு ஒரு வேலையிலும் மனம் நிலைக்கவில்லை. வகுப்பில் பாடம் நடத்தும்போதும், சின்னவனுக்குச் சோறு ஊட்டும்போதும், மாணவர்கள் நிரப்பித் தந்த இருநூறு வினாப்படிவங்கள் கண்முன் படபடத்தன.

ஞாயிறு காலை இட்லி ஊற்றி, சாம்பாருக்குக் குக்கரும் வைத்துவிட்டு வந்தால், மூத்தவள் ஆதிரை அந்தப் படிவங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் அம்மாவின் சிவப்புப் பேனா. ‘பள்ளிக்கூடம் எனக்குப் பிடிக்கும்’ என்ற வரிக்கு ‘இல்லை’ என்று குறித்திருந்த பிள்ளைகளுக்கெல்லாம் பெருக்கல் குறி போட்டு, ஓரத்தில் மதிப்பெண்ணும் இட்டிருந்தாள்.

“ஐயோ, இதுல சரி தப்புன்னு ஒண்ணும் கிடையாதுடி!”

“அப்புறம் எதுக்கும்மா தினமும் இதையே பாக்கறே? எல்லாத்தையும் நானே திருத்திட்டேன். இனிமே எங்ககூட விளையாடுவேல்ல?”

சோபாவிலிருந்து கணவன் செந்தூரன் சிரித்தான். “டாக்டரம்மாவுக்கு அசிஸ்டெண்ட் கிடைச்சாச்சு!”

மனைவி டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்பவன் அவன். அந்தப் பெருமை குறைந்துவிடுமோ என்றே ஐந்து வருடமாக அவள் அவனிடம் உதவி கேட்காமல் இருந்தாள்.

அடுக்களையில் குக்கர் கூவியது. வத்சலா போகவில்லை. சின்னவனைத் தூக்கி செந்தூரன் மடியில் உட்காரவைத்தாள்.

“என்னங்க, ஜூன் வரைக்கும் ஞாயித்துக்கிழமை முழுசா எனக்கு வேணும். வீட்டையும் பிள்ளைங்களையும் நீங்க பாத்துக்கறீங்களா?”