கொக்கியில் தொங்கிய வெள்ளைச் சட்டை

“யோவ், அந்த கிரீஸ் சட்டையோடவா காலேஜுக்குக் கெளம்பிட்ட?”

குப்பம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு வந்த துலுக்கானம், கஞ்சியைக் குடித்த கையோடு, பாக்டரி காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

“ஆவடி டேஷன்ல ரயிலு போயிடும், வழிய வுடு.”

“வெள்ளச் சட்டைய வெளுத்து, இஸ்திரி போட்டு, கொக்கியில மாட்டி வெச்சிக்கீறேன். பொண்ணுக்கு அப்ளிகேசன் பாரம் வாங்கப் போற. காவாய் தூர் வாரப் போறவனாட்டம் போனா அங்க இன்னா நெனைப்பாங்க?”

“அவங்க இன்னா நெனைக்கிறாங்கன்னு பாத்துகினு வரேன்” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

மகள் லோகநாயகி எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவது. பி.யு.சி.க்கு எங்கெங்கே விண்ணப்பம் போடலாம் என்று தலைமையாசிரியை ஒரு சீட்டில் மூன்று காலேஜ் பெயர்களை எழுதிக் கொடுத்திருந்தார். முதலாவது, மணிக்கூண்டு வைத்த பெரிய காலேஜ். அவர்கள் ஊரான பருத்திப்பட்டிலிருந்து பெண் ஒருத்தியும் அதன் படியேறியதில்லை. லோகநாயகிக்கு அதன் மேல்தான் கண்.

மத்தியானம் துலுக்கானம் வெறுங்கையோடு வந்தான்.

“பாரம் எங்க நைனா?”

“அந்தக் காலேஜு வேணாம்மா.”

“ஏன்?”

“வேணாம்னா வேணாம். இன்னும் ரெண்டு கீது இல்ல?”

மறுநாள் இரண்டாவது காலேஜ். அதே காக்கிச் சட்டை, அதே வெறுங்கை. மூன்றாம் நாள்தான் ஒரு பாரம் வந்து சேர்ந்தது. அதுவும் எப்படி? மூலையில் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்புக் கறையோடு.

லோகநாயகி அதைக் கையில்கூட வாங்காமல் அழ ஆரம்பித்துவிட்டாள்.

“ஓட்டுக் கட்டடமாம்மா அது. மணிக்கூண்டு காலேஜுக்கு என் கிளாஸ் சுசீலா போட்டுட்டா. என்னைவிட மார்க் கம்மி அவ. நாளைக்குத்தான் கடைசி நாள்.”

குப்பம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டை மாற்றச் சோம்பல்பட்டுகினு இந்த மனுசன் பொண்ணு படிப்பில் மண்ணைப் போட்டுவிடும் போலிருக்கிறதே. மறுநாள் காலை, ஷிப்ட் முடிந்து அவன் வருவதற்குள், மாங்காட்டுக் கோயிலுக்குக் கட்டுகிற சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, மகளையும் இழுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டாள்.

மணிக்கூண்டு காலேஜ் ஆபீஸில் கண்ணாடி போட்ட குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார்.

“வாங்கம்மா, உட்காருங்க. பி.யு.சி.யா? மார்க் ஷீட்டைக் காட்டுங்க. பேஷ், கட்டாயம் கிடைக்கும்.”

நாற்காலி கிடைத்தது. தலைக்கு மேல் பேன் சுற்றியது. பாரமும் கைக்கு வந்துவிட்டது. இவ்வளவுதான் விஷயம், இதுக்கு மூணு நாளா என்று குப்பம்மா மனசுக்குள் புருஷனை ஒரு பிடி பிடித்தாள்.

“எந்த ஊரு?”

“ஆவடி பக்கம் பருத்திப்பட்டுங்க.”

குமாஸ்தா சிரித்தார். “ஆவடியா? மூணு நாள் முன்னாடி அங்கேருந்து ஒருத்தன் வந்தான். உடம்பெல்லாம் கிரீஸ். பொண்ணு காலேஜ்ல படிக்கப் போறாளாம், பாரம் வேணுமாம். ‘உள்ளே காலை வைக்காதே, கேட் கிட்டயே நில்லு’ன்னேன். ‘பெருக்குற வேலைக்கு ஆள் எடுக்கறப்போ சொல்லியனுப்பறோம், அவளைக் கூட்டிட்டு வா’ன்னு இதோ, நம்ம மேடம் ஒரு போடு போட்டாங்க பாருங்க, ஆபீஸே சிரிச்சுது.”

அடுத்த மேஜையில் இருந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு இப்போதும் சிரித்தார்.

“பி.யு.சி.க்கு இவங்கதான் வாத்தியாரம்மா” என்று அறிமுகம் செய்துவிட்டு, குமாஸ்தா பேனாவைத் திறந்தார். “சரி, அப்பா பேரு? என்ன வேலை?”

லோகநாயகி எழுந்தாள். பாரத்தை மேஜை மேலேயே வைத்தாள்.

“கேட் கிட்ட நின்னாரே சார், அவருதான் எங்க நைனா.”

திரும்புகிற ரயிலில் குப்பம்மாவின் கோபத்தில் பாதி அந்த ஆபீஸ் மேல். மீதிப் பாதி இன்னமும் புருஷன் மேல்தான்.

வீட்டுக்கு வந்தபோது அவன் தூங்கி எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

“மூணு எடத்துலயும் இப்படித்தான் பேச்சு வாங்கிகினு வந்தியா?”

எங்கே போய்விட்டு வருகிறார்கள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்தான்.

“ரெண்டு எடத்துலதான். அந்த ஓட்டுக் கட்டடத்துல ஒரு டீச்சரம்மா நாற்காலிய இழுத்துப் போட்டாங்க. ‘கறை படும் தாயி’ன்னேன். ‘பட்டா தொடச்சுக்கலாம், பொண்ணு என்ன மார்க்கு சொல்லுங்க’ன்னாங்க. இவ கேக்கற சயின்ஸ் குரூப்பு அங்கயும் கீது, கேட்டுட்டேன்.”

உள்ளே லோகநாயகி அந்தக் கறைபட்ட பாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

குப்பம்மாவுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் விடவில்லை. “இந்தப் பேச்சு உனக்குத் தேவையா? அந்த வெள்ளச் சட்டைய மாட்டிகினு போயிருந்தா மூணு எடத்துலயும் நாற்காலி போட்டிருப்பாங்களேய்யா.”

துலுக்கானம் கொக்கியில் மடிப்புக் கலையாமல் தொங்கிய சட்டையை நிமிர்ந்து பார்த்தான்.

“போட்டிருப்பாங்க, சட்டைக்கு. எம்பொண்ணு நாளைக்கு இந்த ஊட்டுலேந்து போறவதானே குப்பு. அவள எங்க குந்த வைப்பாங்கன்னு பாக்கத்தான் அத்த போட்டுக்காம போனேன்.”